வடிவம்மாவின் முணுமுணுப்பு

ஜெயலெட்சுமியின் பின்மண்டையில் இருந்த கட்டியைக் கொழும்பு ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்த மறுநாள், பிள்ளை நன்றாகத்தான் பேசினாள். "அம்மா, பிளேன்டீ வேணும்" என்று ஏழு வயசு அதிகாரத்தோடு கேட்டாள். மூன்றாம் நாள் தாய் பெரியாயி குளிக்கப் போனாள். கட்டிலருகே இருந்தவள் நாத்தனார் வடிவம்மா. திரும்பி வந்து பார்த்தால் பிள்ளைக்குப் பேச்சே இல்லை.

அரை மணி நேரத்தில் என்ன நடந்திருக்கும்? அந்த மகராசி எதையாவது தின்னக் கொடுத்தாளா? மந்திரித்த திருநீறு பூசினாளா?

"நான் ஒண்ணும் செய்யல அண்ணி. டாக்டரையா வந்து பாத்தாரு. இந்த ஆப்பரேஷனுக்குப் பொறகு எப்பவாவது ஒரு புள்ளைக்கு இப்புடி ஆகுமாம். கொஞ்ச மாசத்துல பேச்சு திரும்புமாம். விடாம பேச்சுக் குடுக்கணுமாம்."

"ஒங்கிட்ட மட்டும் வந்து சொன்னாராக்கும்!"

டாக்டரிடமே போய்க் கேட்டிருக்கலாம். சந்தேகத்தை மடியில் கட்டிக்கொண்டவளுக்குச் சாட்சி எதற்கு?

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பியதும் பெரியாயி உறவை அறுத்துக்கொண்டாள். ஆனால் லயத்து வரிசை வீடுகளில் இருவர் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அதுவும் கூரையைத் தொடாத சுவர். அந்தியில் பறித்த கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வந்ததும் அந்தப் பக்கம் முணுமுணுப்பு ஆரம்பிக்கும். லயத்துக் கூச்சலில் ஒரு சொல்லும் பிடிபடாது. மந்திரம்தான், வேறென்ன? கட்டிய வாய் அவிழாமலிருக்க ஓதுகிறாள் பாதகத்தி! பெரியாயி உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். காதில் விழட்டும் என்றே திட்டினாள். பிள்ளையோ பாயைச் சுவரோரம் போடும்படி கையைக் காட்டினாள். அதையும் வசியம் என்றே தாய் நினைத்தாள்.

மூன்றாம் மாதம், மாரியம்மன் தேருக்கு லயமே போயிருந்தது. பிள்ளைக்காகப் பெரியாயியும் வடிவம்மாவும் மட்டும் போகவில்லை. முணுமுணுப்புக் கேட்டதும், இன்று கையும் களவுமாகப் பிடிக்கிறேன் என்று பெரியாயி விளக்குமாறோடு சுவரில் காதை வைத்தாள்.

"ஜெயா, சாப்புட்டியா தங்கம்?" பதிலுக்கு இடம் விட்டது அந்தக் குரல். "இன்னைக்கி என்ன கறி? அத்தைக்கிச் சொல்லு." மறுபடியும் காத்திருப்பு.

பாயில் கிடந்த பிள்ளையின் உதடு கோணியது.

"ப... ருப்பு... அத்தை."

மூன்று மாதமாக எதைச் சபித்தோம் என்று பெரியாயிக்கு உறைத்தது. விளக்குமாற்றைக் கீழே போடக்கூடத் தோன்றாமல் ஓடிப்போய்ப் பக்கத்துக் கதவைத் தட்டினாள்.

கதவைத் திறந்த வடிவம்மா விளக்குமாற்றைப் பார்த்துப் பின்வாங்கினாள். சுவருக்கு இந்தப் பக்கம் பிள்ளை ஈனக்குரலில் சொன்னது அவள் காதுக்கு எட்டவில்லை.

"கோவிக்காதீங்க அண்ணி. இனிமே பேசமாட்டேன்."

"பேசு வடிவு" என்று அழுதாள் பெரியாயி. "உள்ள வந்து பேசு."