அரைப் பேர்

விடிவெள்ளி மறையுமுன்பே இராக்கம்மா மூன்றாவது கூடைக் கரியைத் தலையில் ஏற்றிவிட்டாள். கொஸ்லந்தைக்குக் கீழே, மலைச்சரிவில், நாலாள் உயரத்துக்கு நின்றது அந்த நிக்கல் உலை. ஏணியில் ஏறி, அதன் வாயில் கரி ஒரு கூடை, நிக்கல் மண் ஒரு கூடை என்று மாற்றி மாற்றிக் கொட்ட வேண்டும். அடியில் காற்று மெசின் ஊத ஊத, மண் உருகி, இரும்பும் நிக்கலும் கலந்த குழம்பாய் இறங்கும். தேயிலைத் தோட்டத்தை அரசாங்கம் எடுத்த வருசம் வேலைப் பதிவில் பேர் வெட்டுப்பட்டு வந்த சனம்தான் இங்கே வேலைக்கு. கொழுந்து கிள்ளிய கைகளில் இப்போது கரி.

அன்று உலையில் கொட்டியது இறங்கவில்லை. மழையில் நனைந்த மண்ணைக் காயவிடாமல் முதலாளி கொட்டச் சொன்னதில், அது உள்ளே கட்டிக்கொண்டு தொங்கியது. முந்தின நாளும் இதே கதைதான். அதை இறக்க, மெசின் ஓட ஓட மேலேறி அலவாங்கு என்ற கடப்பாரையால் குத்திய அவள் புருசன் வீரபுத்திரன், வாசமே இல்லாத உலை நச்சுக்காற்றைக் குடித்துச் சரிந்தான். இன்னும் தலைதூக்க முடியாமல் குடிசையில் கிடக்கிறான்.

உலை முதலாளி கனகசபை, யாழ்ப்பாணத்துக்காரர், அலவாங்கை அவள் காலடியில் போட்டார்.

"உன்ர மனுசன் விட்ட வேலை. ஏறிக் குத்து."

"மெசின நிப்பாட்டுங்க ஐயா, ஏறுறேன்."

"நிப்பாட்டினா அடியில குழம்பு உறைஞ்சு உலையே போயிடும். விளங்குதோ?"

"ஆளு போனா?"

"குடிச்சிட்டு ஏறினவன் விழாம என்ன செய்வான்?"

"நான் வாய மோந்து பாத்தேங்க. வெறும் பிளேன்டித் தேத்தண்ணி வாசம்தான்."

"சரி, அரைப் பேர் போட்டனான்தானே!"

அரை நாள் வேலைக்குத் தோட்டத்தில் சொல்வது அரைப் பேர். பின்னால் கரி சுமந்து நின்ற ரெங்கம்மா கூடையை இறக்காமலே கேட்டாள்.

"அரைப் பேருன்னா எந்த அரைங்க? வீரன் ஒங்களுக்கு, புத்திரன் எங்களுக்கா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கனகசபைக்கு முகம் கறுத்தது.

"ஏறாட்டி உன்ர பேரை வெட்டிப் போடுவன், இராக்கம்மா!"

அவள் அலவாங்கை எடுத்தாள். வேலை போனால் அடுப்பு எரியாது. ஏறினால் குடிசையில் கிடப்பவனுக்குக் கஞ்சி ஊற்ற ஆளிருக்காது. ஏணியடியில் அதைச் சாத்தி வைத்தாள்.

"வெட்டுறதுன்னா முழுசா வெட்டுங்க. மெசின் ஓடுற வரைக்கும் ஏற மாட்டேன்."

"நீ இல்லாட்டி ரெங்கம்மா!"

ரெங்கம்மா கரியைத் தரையில் கொட்டி, கூடையைக் கவிழ்த்து அதன்மேல் குந்தினாள். "எம் பேரையும் சேத்துக்கங்க."

அடுத்த கூடை கவிழ்ந்தது. அதற்கடுத்ததும். பக்கத்தில் உலைக்குக் கல் உடைத்துக்கொண்டிருந்த ஆண்கள் சம்மட்டியைப் போட்டுவிட்டு வந்தார்கள்.

அந்நேரம் மண் லொறி முக்கி முனகி வந்து நின்றது. சாரதி ஸரூக் தலையை நீட்டினான்.

"என்ன புள்ள, இறக்க ஆளில்லையா?"

"மெசின் நிக்கிற வரைக்கும் இல்ல, ஸரூக் நானா," என்றாள் இராக்கம்மா.

"ஸரூக், நீ மண்ணைக் கொட்டு!" கனகசபை கத்தினார்.

ஸரூக் உலையை அண்ணாந்து பார்த்தான். "நேத்து அந்த மனுசனத் தூக்கி இறக்கினது இந்தக் கைதான் சேர்," என்று லொறி எஞ்சினை அணைத்து இறங்கி வந்தான்.

காற்று மெசின் இன்னும் உறுமிக்கொண்டுதான் இருந்தது. கனகசபை அதையும் ஏணியையும் மாறி மாறிப் பார்த்தார். பெண்கள் நெருங்கி உட்கார்ந்து ஸரூக்குக்கு இடம் விட்டார்கள்.