சிலந்திப் பூ வாடும் விதம்

விரிந்தால் மூன்று வாரமாவது நிற்க வேண்டிய சிலந்திப் பூ, ஏன் மாதம் ஒரு தடவை ஒரே ராத்திரியில் துவண்டுபோகிறது என்று ஹைமவதிக்குப் பிடிபடவே இல்லை. தண்ணீர் குறையவில்லை, வேர் அழுகவில்லை, இலையில் ஒரு புள்ளி கிடையாது. பூ மட்டும் நனைந்த காகிதம் மாதிரி தொங்கும்.

சிலந்திப் பூ என்கிற ஆர்க்கிடில் அவளிடம் இரண்டு வகை இருந்தது. அராக்னிஸ் மொட்டைமாடியில் கம்பத்தைப் பிடித்து ஏறியது. அதற்குக் கொளுத்தும் வெயில் வேண்டும். கம்பத்தின் தலையைத் தாண்டினால்தான் பூக்கும். பிராசியாவுக்கு நிழல் வேண்டும். மண் கூடாது, கரித்துண்டும் தேங்காய் மட்டையும் போதும். அதன் பச்சை இதழ்கள் சிலந்திக் கால்களாக நீண்டிருக்கும். சிலந்தியை வேட்டையாடும் குளவி ஏமாந்துபோய்ப் பூவைக் கொட்டும். கொட்டுகிற வேகத்தில் மகரந்தம் அதன் தலையில் ஒட்டிக்கொள்ளும். ஆஸ்திரேலியாவில் இன்னொரு வகை, பெண் குளவியின் வாசனையைக் காட்டி ஆண் குளவியை வரவழைக்கும். வந்த குளவிக்கு இரண்டுமே ஒரு சொட்டுத் தேன் தராது. இதைச் சொல்லும்போது ஹைமவதியின் முகம் மலர்ந்துவிடும்.

பிராசியா பூத்ததும் குரங்குக்குப் பயந்து தொட்டியைக் கூடத்தை ஒட்டிய அறைக்குள் கொண்டுவந்து வைப்பாள். தொட்டிகள் மாறி மாறிப் பூத்ததால் எப்போதும் ஒன்று உள்ளே இருக்கும்.

புருஷனை விட்டு வந்த நாள் முதல், தம்பி மௌலி குருக்கள் வீட்டுச் சாவிக்கொத்து அவள் இடுப்பில்தான் இருந்தது. போன வருஷம் வித்யாலக்ஷ்மி அவனுக்கு மனைவியாக வந்தாள். சாவியை அவளிடம் கொடுத்தால் என்ன என்று மௌலி ஒருநாள் கேட்டான். அன்றிலிருந்து ஹைமவதி கணக்கு வைத்தாள். பூ வாடுவது வித்யா விலகியிருக்கும் நாட்களோடு ஒத்துப்போனது. அந்த நாட்களில் செடி கொடியைத் தொடக்கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம்.

"தொட்டேன்னு ஒத்துண்டுடு. செடியே சொல்றதே."

"தொடலைக்கா. அந்த ரூம் பக்கமே போகலை."

"அப்போ உன் நிழலே போறும் போலருக்கு."

வாடிய கொத்தைக் கிள்ளி, கொல்லைக் குழாயடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவளின் தட்டில் போட்டாள். மௌலி பார்த்தான். அப்படியே கோயிலுக்குக் கிளம்பினான். மூன்று மாதம் இப்படியே போக, வித்யாவைப் போளூரில் அவள் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டான்.

அடுத்த மாதமும் பூ வாடியது.

யாரும் பார்க்கும் முன் ஹைமவதி அதைக் கொல்லையில் எறிந்தாள். பிறகு அறைக்குள் நின்று யோசித்தாள். மாதாமாதம் இந்த அறைக்கு வேறு என்ன வருகிறது? மூலையில் சாக்கு போட்டு மூடிய கூடைகள். பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிற கூட்டம் அர்ச்சனைத் தட்டில் வைக்கும் வாழைப்பழம். மௌலியின் பங்கு அங்கேதான் பழுக்கும்.

மறு பௌர்ணமிக்கு ஒரு தொட்டியைக் கூடைகளோடு வைத்தாள், இன்னொன்றைச் சமையலறையில். அறையில் இருந்தது வாடியது. சமையலறையில் இருந்தது நின்றது. பழுக்கும் பழம் எத்திலீன் என்கிற வாயுவை விடுகிறது. மகரந்தம் சேர்ந்த பூவுக்குள்ளும் அதே வாயுதான் ஊறும். வாயு பட்டதும், வந்த வேலை முடிந்தது என்று பூ தன்னை மூடிக்கொள்கிறது. அவள் தனக்குள் சிரித்துக்கொண்டாள். குளவியை ஏமாற்றும் பூவை ஒரு வாழைப்பழம் ஏமாற்றிவிட்டது.

அன்று மத்தியானம் மௌலி தயங்கித் தயங்கி வந்து நின்றான். "அவ மேல தப்பில்லைன்னா சொல்லிடுக்கா. அழைச்சுண்டு வந்துடறேன்."

"தாராளமா அழைச்சுண்டு வா. மறுபடி வாடித்துன்னா?"

அவன் தரையைப் பார்த்தான். "அப்பறம் அங்கேயே இருக்கட்டும். நான் கேக்க மாட்டேன்."

வித்யா வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படியிலேயே நின்றாள். "உள்ள வரலாமாக்கா?"

"வாயேன். புதுசா ஒண்ணு பூத்திருக்கு. இனிமே நீயே தண்ணி விடு."

வித்யாவுக்குக் கண் கலங்கிவிட்டது. சொம்பை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

பூவைக் காப்பாற்ற, பழக்கூடையை வேறு அறைக்கு மாற்றினால் போதும். வாட வைக்க, நன்றாகப் பழுத்த சீப்பு ஒன்றைத் தொட்டிக்குப் பின்னால் சாக்கால் மூடி வைத்து, ஜன்னலைச் சாத்தினால் போதும். ஹைமவதி சாத்திவிட்டுத்தான் வந்திருந்தாள்.