தமயந்தியின் பேரினம்

தமயந்தியின் பெயரை ஓர் அந்துப்பூச்சிப் பேரினத்துக்கு வைக்கப்போகிறார்கள் என்று அவள் கணவன் பொன்னுவேல் கொடைக்கானல் கடைவீதி முழுக்கத் தமுக்கடித்துவிட்டான். அவனிடம் பேரிக்காய் வாங்க வந்தவர்கள்கூடத் தப்பவில்லை. எதிர்ச்சாரியில் டீக்கடை வைத்திருந்த இப்ராம்சா, சீனி தூக்கலாக ஒரு டீ போட்டு அவளுக்குக் கொடுத்தனுப்பினார்.

விஷயம் இதுதான். மலைமேல் ஒரு கல்லூரியின் பூச்சி மியூசியத்தில் ஒன்பது வருஷமாக அவளுக்கு வேலை. பிடித்து வரும் அந்துப்பூச்சிகளின் சிறகை விரித்து, ஊசி குத்திப் பெட்டியில் அடுக்க வேண்டும். 1961 கோடையில் மதுரையிலிருந்து வந்த பேராசிரியர் சேனாதிபதி, முந்தின வருஷம் மலைக்கிராமமான போளூரில் பிடித்த சாம்பல்நிறப் பூச்சி ஒன்றின்முன் லென்சோடு உட்கார்ந்தவர், பதினோரு நாள் அதை விட்டு நகரவில்லை. நிறத்தை நம்பி அந்துப்பூச்சியைப் பிரித்தால் மோசம் போக வேண்டியதுதான். உணர்கொம்பு, சிறகு நரம்பு, பின்கால் முள் எல்லாம் சேர்ந்துதான் பேரினத்தைச் சொல்லும். இந்தப் பூச்சிக்கோ கொம்பு சீப்புப் பல்லாக இருந்தது. அந்தக் கொம்புக்குப் பின்காலில் இரண்டு ஜோடி முள் இருக்க வேண்டும், ஒரே ஜோடிதான் இருந்தது. நரம்பும் ஒத்துவரவில்லை. ஆகவே புதுப் பேரினம் என்று முடிவு கட்டி, சிறகு விரித்துக் கொடுத்தவள் பெயரையே அதற்கு வைத்துக் கட்டுரையும் எழுதி முடித்தார். வியாழக்கிழமை காலை பஸ்ஸில் கட்டுரையோடு கிளம்புவதாக ஏற்பாடு.

புதன்கிழமை பிற்பகல் தமயந்தி பெட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பாச்சலூரில் பிடித்த சாம்பல் பூச்சிகள் பன்னிரண்டு ஒரு வரிசையில் இருந்தன. பதினொன்றுக்குச் சீப்புக் கொம்பு. பன்னிரண்டாவதற்கு மட்டும் நூல்போல மெல்லிய கொம்பு. துணியைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

மழைக்காலத்து ஈரத்தில் பூச்சிகளின் தலை கழன்று விழுவது சகஜம். கோந்து வைத்து அவளே ஒட்டிவிடுவாள். போன ஆடியில் அந்தப் போளூர்ப் பூச்சி, இந்தப் பன்னிரண்டாவது பூச்சி இரண்டின் தலைகளும் ஒரே நாளில் கழன்றன. இடது பூச்சியின் தலையைச் சாஸரில் இடப்பக்கமும், வலது பூச்சியின் தலையை வலப்பக்கமும் வைத்தாள். மூடுபனியில் கண் தெரியவில்லை என்று ஜன்னல் வெளிச்சத்துக்காகச் சாஸரை அரைவட்டம் திருப்பியது இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

வாயைத் திறக்காமல் இருந்துவிட்டால் அவள் பெயர் புத்தகத்தில் ஏறிவிடும். அதில் அவளுக்குக் கொள்ளை ஆசை. இரண்டு நாளாகக் காகிதத்தில் எழுதி எழுதி அழகு பார்த்திருந்தாள்.

மறுநாள் வெள்ளனே இரண்டு பூச்சிகளையும் ஒரு டப்பாவில் வைத்து எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கு ஓடினாள்.

“சார், அது புதுப் பேரினம் இல்லைங்க. ரெண்டு பூச்சிக்குத் தலைய மாத்தி ஒட்டிப்புட்டேன்.”

சேனாதிபதி இறங்கிவிட்டார். பஸ் அவரில்லாமலே வத்தலக்குண்டுக்குப் புறப்பட்டது. இப்ராம்சாவின் டீக்கடை மேசையில், கொதிக்கும் கெட்டிலின் ஆவியைக் காட்டித் தமயந்தி கோந்தை இளக்கினாள். தலைகள் கழன்றன. அந்தந்தத் தலையை அந்தந்த உடலில் ஒட்டியதும், ஏற்கெனவே பெயருள்ள இரண்டு சாதாரணப் பூச்சிகள் மிஞ்சின. இருபத்தேழு பக்கக் கட்டுரையை அவர் மெல்ல மடித்தார். அந்த முகத்தைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது.

சொல்லாமல் விட்டிருந்தால் உங்கள் பெயர் நின்றிருக்குமே, ஏன் சொன்னீர்கள் என்று கேட்டார்.

“எம் பேர்ல இருக்கது நெசமான பூச்சியா இருக்கணும்ல சார்.”

அவர் லென்சை எடுத்து, ஒட்டு எங்கே என்று காட்டச் சொன்னார். அவள் ஊசிமுனையால் காட்டினாள். அப்போதும் அவருக்குப் பிடிபடவில்லை.

“பதினோரு நாள் பாத்தேம்மா. இந்த ஒட்டு என் கண்ணுல படவே இல்லையே,” என்றவர் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தார். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தவள் அழுதுகொண்டே சிரித்தாள். ஒன்பது வருஷத்தில் அவள் கைவேலையை ஒருவர் மெச்சியது அன்றைக்குத்தான். பெயர் போன வருத்தம்கூட அந்த நிமிஷம் அவளுக்கு இல்லை.

சட்டென்று அவர் சிரிப்பு நின்றது.

“இது மாதிரி இன்னும் எத்தனை தலை ஒட்டியிருக்கீங்க?”

“நாப்பத்தி மூணுங்க.”

சேனாதிபதி படுக்கையைச் சுருட்டிக் கட்டியிருந்த மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, மியூசியத்துக்குப் போகும் மேட்டில் ஏறத் தொடங்கினார்.