பட்டியலில் மூன்றே டிஸ்க்கு

தவசி மாமா மகள் மகாராணி மதினியின் சர்வரில் நான்கு டிஸ்க்குகள் இருக்க வேண்டும். செட்டிங்ஸில் போய்ப் பார்த்தால் மூன்றுதான் இருந்தன. சரிசெய்ய என்னைக் கூப்பிட்டார்கள். நான் படிப்பது சிவில். ஆனால் எங்கள் குடும்பத்தைப் பொறுத்தவரை இன்ஜினியரிங் என்பது ஒரே படிப்பு. மிக்ஸி சுற்றாவிட்டாலும் எனக்குத்தான் போன் வரும்.

அந்தச் சர்வரைக் கட்டியவன் என் அண்ணன் வினோத்குமார். அவன் உண்மையிலேயே கம்ப்யூட்டர் படித்தவன், அதனால் பெங்களூரில் இருக்கிறான். போடியில் இருந்தது நான். என் தகுதி அவ்வளவுதான்.

சர்வர் என்றால் பெரிதாக எதுவும் இல்லை. கடையில் பிஸ்கட் வைக்கிற தகர டப்பா அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி. முன்பக்கம் நான்கு சின்ன இழுப்பறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு டிஸ்க்கு. மாமா வீட்டில் இன்வெர்ட்டர் இணைப்பு உள்ள அறைகளில் தூசி குறைவானது ஏலக்காய் குடோன்தான் என்று அண்ணன் கண்டுபிடித்து, அங்கே ஒரு ஸ்டூலின் மேல் அதை வைத்துவிட்டுப் போயிருந்தான். சுற்றிலும் மூட்டைகள். அந்தப் பெட்டியைத் திறந்தால் காற்றாடியிலிருந்துகூட ஏலக்காய் வாசம் வரும்.

நான் போனபோது மதினி லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு மூட்டை மேல் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அழுகிறவள் இல்லை.

"முத்துக்கண்ணா, 'தேனீ'ங்கிற போல்டரத் தொறந்து பாரு."

திறந்தேன். அவள் அக்கா ரோஜாவின் கல்யாணப் பந்தி வீடியோ ஓடியது. பாயச வாளியைச் சுற்றி எங்கள் உறவினர்கள் மொய்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு வகையில சரியாத்தான் இருக்கு மதினி."

"கொன்னுருவேன்."

விஷயம் இதுதான். மதினி மதுரையில் ஆராய்ச்சி செய்கிறாள். ஏலப்பூவுக்கு எந்தத் தேனீ எந்த நேரத்தில் வருகிறது என்பது தலைப்பு. போடிமெட்டுக்கு மேலே இருக்கிற மாமாவின் எஸ்டேட்டில், மூன்று பூப்பருவம், மழையிலும் அட்டைக்கடியிலும் குத்தவைத்து உட்கார்ந்து படம் எடுத்திருக்கிறாள். அந்த மூலப்படங்களைத் திங்கட்கிழமைக்குள் அனுப்ப வேண்டும் என்று அவளுடைய கைடு சொல்லியிருந்தார். அன்று சனிக்கிழமை. அனுப்பாவிட்டால் ஆய்வேடு அடுத்த வருடத்துக்குப் போகும். அடுத்த வருடம் என்று ஒன்று அவளுக்குக் கிடையாது. 'இந்த வருசத்தோட படிப்பு சரி' என்று தவசி மாமா சொல்லியாயிற்று. கம்பத்தில் ஒரு மாப்பிள்ளை வீடு காத்துக்கொண்டிருந்தது.

"காப்பி எடுத்து வைக்கலையா?"

"இந்தப் பெட்டிதான் காப்பி."

"அப்ப அசல்?"

"கார்டுல இருந்துச்சு. கார்டு ரொம்பிருச்சுன்னு அழிச்சேன். அதான் காப்பி இருக்கேன்னு."

படித்தவர்கள் இப்படித்தான் செய்வார்கள் என்று எனக்கு ஓர் எண்ணம் உண்டு. அதை அப்போது சொல்லவில்லை.

நான் வேலையை ஆரம்பித்தேன். முதலில் பெட்டியை அணைத்துப் போட்டேன். மூன்று. பின்னால் இருந்த வயர்களைப் பிடுங்கிச் செருகினேன். மூன்று. செட்டிங்ஸில் 'மறுபடி தேடு' என்று ஒரு பொத்தான் இருந்தது, அழுத்தினேன். வெகுநேரம் தேடிவிட்டு மூன்றைத்தான் கொண்டுவந்தது. அப்டேட் கேட்டது, கொடுத்தேன். அப்டேட் ஆன பிறகு அதே மூன்றை இன்னும் அழகான எழுத்தில் காட்டியது. கடைசியில் பாஸ்வேர்டை மாற்றினேன். அது எதற்கு என்று மதினி கேட்டாள். ஏதாவது செய்ய வேண்டும் அல்லவா.

அண்ணனுக்குப் போன் போட்டோம். அவன் சாப்பிட்டுக்கொண்டே கேட்டான்.

"லிஸ்ட்டுல ஒவ்வொண்ணுக்கும் சீரியல் நம்பர் வருதா?"

"வருது."

"ஒவ்வொரு டிஸ்க்கா உருவி, மேல ஒட்டியிருக்கிற நம்பரோட ஒத்துப் பாரு. எது காணோம்னு தெரிஞ்சிரும்."

உருவினேன். முதல் டிஸ்க்கின் நம்பர் பட்டியலில் இருந்தது. இரண்டாவதும் இருந்தது. மூன்றாவதும். நான்காவது இழுப்பறை லேசாக வந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

இல்லாத டிஸ்க்கைக் காட்டவில்லை என்பதற்காகக் காலையிலிருந்து அந்தச் சர்வரைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

"யாராச்சும் எடுத்தீங்களா?" என்றான் அண்ணன். "பந்தி ஓடுதுன்னா மத்ததும் எடம் மாறியிருக்கு. நான் வரிசைய வச்சுத்தான் போல்டர் குடுத்திருந்தேன். மொத எடத்துல எது இருக்கோ அதுதான் தேனீ."

குடோனின் மறுகோடியில் தவசி மாமா சாக்குக்குள் கைவிட்டுக் காயை அளைந்துகொண்டிருந்தார்.

"மாமா, இந்தப் பெட்டியத் தொட்டீங்களா?"

"நான் எதுக்கு மாப்ளே அதத் தொடுறேன்."

"டிஸ்க்கெல்லாம் எடம் மாறியிருக்கு."

"அதா. திருப்பிப் போட்டேன்."

மதினி லேப்டாப்பை மூடினாள்.

மாமா விளக்கினார். அவர் குரலில் குற்ற உணர்வு துளியும் இல்லை. பாடம் எடுக்கிற குரல். குடோனில் ஒரே சரக்கு ஒரே இடத்தில் கிடந்தால் புழுங்கிவிடும். அமாவாசைக்கு அமாவாசை அடிமூட்டையை மேலேயும் மேல்மூட்டையை அடியிலும் மாற்றுவது அவர்கள் அப்பா காலத்திலிருந்து உள்ளது. மதினி மதுரைக்குப் போகும்போது 'அப்பா, பெட்டியப் பாத்துக்கங்க' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். நேற்று அமாவாசை. பார்த்துக்கொண்டார்.

"சரி மாமா. திருப்புனா நாலு இருக்கணும்ல. மூணுதான இருக்கு."

"ஒண்ணு சூடா இருந்துச்சு."

மதினி மூட்டையிலிருந்து எழுந்தாள்.

"கை வச்சா சுடுது மாப்ளே. மூட்ட சூடானா என்ன அர்த்தம்? உள்ள ஈரம் நிக்கிது. அத மத்த மூட்டையோட வச்சா அதுகளையும் கெடுத்துரும். மேல ஸ்டோருக்கு அனுப்பி மறுபடி ஒரு காச்சல் குடுத்து எறக்கணும். ஆளுக ஏறுன ஜீப்புல நேத்துக் குடுத்து விட்டேன்."

ஸ்டோர் என்பது எஸ்டேட்டில் பச்சைக் காயை உலர்த்துகிற கூடம். அடியில் விறகு எரியும். குழாய் வழியாக அறைக்குள் சூடு ஏறும். கம்பி வலைத் தட்டுகளில் காய் பரப்பியிருக்கும். அதிகம் உழைத்த டிஸ்க்குதான் அதிகம் சூடாக இருந்திருக்கும். அதிகம் உழைத்தது தேனீ டிஸ்க்கு. மாமாவின் கை தவறு செய்யவில்லை. சரியாக அதையே எடுத்திருந்தது.

போனில் அண்ணன் மெல்லுவதை நிறுத்தியிருந்தான். "எவ்வளவு சூட்டுல வைப்பாங்க?"

"காய்க்குத் தகுந்த சூடு" என்றார் மாமா.

"அறுபதத் தாண்டுனா நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல மாமா. வெரசாப் போங்க."

மாமாவின் ஜீப்பில் ஏறினோம். கொண்டைஊசி வளைவுகளில் மாமா வழக்கம்போல் ஓட்டினார். மதினி முன் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஸ்டோருக்குப் போன் போட்டுக்கொண்டே வந்தாள். பாதி மலையில் சிக்னல் கேரளாவுக்குக் கட்சி மாறியது. அங்கேயும் யாரும் எடுக்கவில்லை.

"நல்லாக் காஞ்சிருக்கும்" என்றார் மாமா, ஆறுதலாக.

ஸ்டோர் வாசலில் ஒச்சம்மாள் இருந்தார். உலர்த்தும் பொறுப்பு அவருடையது. எஸ்டேட் மலையாளம் கலந்து பேசுவார், சிரிக்காமல் கிண்டல் செய்வார்.

"அந்தக் கறுப்புக் காய்தான? கொழப்பமில்ல. மொதலாளி அனுப்புனதுன்னு மேல்தட்டுல வச்சிருக்கேன்."

"மேல்தட்டுலதான சூடு ஜாஸ்தி?" என்றாள் மதினி.

"அதுக்குத்தான வச்சேன்."

கதவுக்குப் பக்கத்தில் பதித்திருந்த சூட்டுமானி ஐம்பதைத் தாண்டி நின்றது. ஒச்சம்மாள் கையில் விறகு இருந்தது. கடைசிச் சூடு ஏற்றுகிற நேரம் என்றார்.

"ஏத்தாதீங்க. கதவத் தொறங்க, எடுத்துக்கிறேன்."

"இப்பத் தொறக்க ஒக்காது ஆத்தா. நடுவுல குளிர் ஏறுனா காயில பச்ச நெறம் போயிரும். காலைல வா, கையில தர்றேன்."

மதினிக்கு இது தெரியாததல்ல. அவள் ஏலக்காய் வியாபாரி மகள். கதவு இடுக்குகளில் ஈரச் சாக்கு அடைத்திருந்தது. உள்ளே இருந்தது அந்தப் பருவத்தின் முதல் எடுப்பு, ஏலத்துக்குப் போக வேண்டிய லாட்டு. போடியில் ஒரு வியாபாரியை மற்றவர்கள் மதிப்பது முதல் லாட்டின் பச்சையைப் பார்த்துத்தான். மாமா அதைப் பற்றி ஒரு மாதமாக ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

மாமா சூட்டுமானியைப் பார்த்தார். அப்புறம் கதவைப் பார்த்தார்.

"விடியட்டுமே" என்றார்.

"விடிஞ்சா படம் இருக்காதுப்பா."

"வினோத்து கம்பெனில சொன்னா வேற டிஸ்க்கு தர மாட்டானா?"

"டிஸ்க்கு தருவாங்க. தேனீ தர மாட்டாங்க." அவள் குரலை உயர்த்தவே இல்லை. "படம் போச்சுன்னா இந்த வருசத்தோட சரி. நான் கம்பத்துக்குப் போயிருவேன். ஒங்களுக்கும் அதுதான வேணும். அப்பக் கதவு மூடியே இருக்கட்டும்."

மாமா மேல்துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். மலையில் அப்போது நல்ல குளிர்.

"மாப்ளே, ஜீப்புல பின்டயர்ல காத்து கம்மியா இருந்த மாதிரி இருந்துச்சுல்ல?"

"இல்லையே மாமா."

"இருந்துச்சு. நான் பாத்துட்டு வர்றேன். ஒச்சம்மா, நீயும் வா."

"நான் எதுக்கு மொதலாளி?"

"ரெண்டு டயர் இருக்குல்ல."

ஒச்சம்மாள் கையிலிருந்த விறகைக் கீழே வைத்தார். மதினியை ஒரு பார்வை பார்த்தார். "கொழப்பமில்ல" என்று சொல்லிவிட்டு மாமாவின் பின்னால் போனார்.

மதினி ஈரச் சாக்கைப் பிடுங்கினாள். கதவைத் திறந்ததும் சூடும் வாசமும் முகத்தில் அடித்தன. கண் திறக்க முடியவில்லை. மேல்தட்டு ஒன்று என்று நினைத்துப் போனோம். வரிசைக்கு ஒரு மேல்தட்டு இருந்தது. நான் மொபைல் வெளிச்சத்தைப் பிடிக்க, அவள் ஏணிமேல் ஏறி ஒவ்வொரு தட்டாகத் துழாவினாள். வெளியே இருந்த பனி எங்கள் முதுகை உரசிக்கொண்டு தாராளமாக உள்ளே போய்க்கொண்டிருந்தது.

டிஸ்க்கு கடைசி வரிசையில் இருந்தது. எல்லாப் பக்கமும் சீராகக் காய வேண்டும் என்று யாரோ அதைத் தலைகீழாகத் திருப்பி வைத்திருந்தார்கள்.

மதினி அதைத் துப்பட்டாவில் சுற்றி எடுத்தாள். கதவை மூடிச் சாக்கை அடைத்தோம். சூட்டுமானியின் முள் நாற்பதுக்குப் பக்கத்தில் இருந்தது.

மாமா வந்தார். "டயர் நல்லாத்தான் இருக்கு" என்றார். முள்ளைப் பார்த்தார். ஒச்சம்மாளும் பார்த்தார். அடுப்பில் விறகைப் போடப் போய்விட்டார்.

இறங்கும்போது மாமா என்னை ஓட்டச் சொன்னார். டிஸ்க்கு அவர் மடியில் இருந்தது. நன்றாக ஆறிய பிறகுதான் செருக வேண்டும் என்று அண்ணன் சொல்லியிருந்தான். மாமா மேல்துண்டால் அதற்கு விசிறிக்கொண்டே வந்தார். பூப்பாறையிலிருந்து வந்த பஸ்காரர் ஒருவர் ஜன்னல் வழியாக அதைக் கொஞ்சநேரம் கவனித்தார்.

குடோனுக்கு வந்து நான்காவது இழுப்பறையில் வைத்துத் தள்ளினேன். பெட்டி உள்ளே ஏதோ முனகியது. செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து, 'மறுபடி தேடு'.

மூன்று.

மதினி என் தோளுக்குப் பின்னால் நின்றாள்.

நான் எதையும் அழுத்தவில்லை. பக்கம் தானாக ஒருமுறை அசைந்தது. நான்காவது வரியில் ஒரு நீள நம்பர் வந்தது. எதிரே 'நலம்' என்று போட்டிருந்தது.

அண்ணன் போனில் வரிசையை விட்டுவிட்டு நம்பரை வைத்துப் போல்டர்களைக் கொடுக்கச் சொன்னான். கொடுத்தேன். மதினி 'தேனீ'யைத் திறந்தாள். வெள்ளைப் பூ, அதன் நாக்கில் ஊதாக்கோடு, அதன் மேல் தலையைக் குப்புற நுழைத்திருந்த ஒரு தேனீ. அடுத்ததில் வேறு தேனீ. அவள் கைடுக்கு அனுப்ப ஆரம்பித்தாள்.

மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் வந்தார்.

"இது எந்தச் சரிவு?"

"ஓடைக்கு மேற்காலப்பா."

"நேத்துப் பறிச்சது அங்கதான்." இன்னும் நாலு படம் பார்த்தார். "இந்தச் சின்னப் பய வந்தாத்தான் காய் பிடிக்குதா?"

"அதத்தான் எழுதியிருக்கேன்."

லாட்டு மூன்றாம் நாள் இறங்கியது. பச்சையும் இல்லை, வெள்ளையும் இல்லை. ஒரு மாதிரி யோசித்துக்கொண்டிருக்கிற நிறம். ராசிங்காபுரத்து வியாபாரி பால்பாண்டி ஒரு கை அள்ளி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "என்ன தவசி அண்ணே, காய்க்கு மேலுக்குச் சொகமில்லையா?" என்று விசாரித்தார். மாமா சாக்கைக் கட்டினார்.

அன்று சாயங்காலம் கம்பத்திலிருந்து போன் வந்தது. மாமா ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். ரகசியம் அவருக்கு வராது. பொண்ணுக்குப் படிப்பு முடிந்ததா, தேதி பார்க்கலாமா என்று கேட்டார்கள்.

"முடியல" என்றார் மாமா. "இன்னும் ஒரு வருசமோ ரெண்டு வருசமோ, அவ சொல்றப்பதான் முடியும். நீங்க வேற எடம் பாருங்க."

"இந்த வருசத்தோட சரின்னீங்களே?"

"சொன்னேன். அதுக்கப்புறம் மொத லாட்டு போச்சு. அவ்வளவு போட்டுட்டுப் பாதியில எறக்க முடியாதுங்க."

மறுமுனையில் அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. மூட்டை மேல் உட்கார்ந்திருந்த மதினி தலையை நிமிர்த்தாமல் அடுத்த அத்தியாயத்தைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள்.