எலுமிச்சையை எப்போது பிழிவது

...ஆறு கிழங்கு அதிகம், நான்கே போதும், ஆனால் நான்கைத் தட்டில் பரப்பினால் நடுவில் இடைவெளி விழும், இடைவெளியில் எண்ணெய் தேங்கிக் கருகும், ஆகையால் ஆறுதான் என்று தனக்குள்ளேயே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு வரலட்சுமி ஐந்தாவது உருளைக்கிழங்கின் தோலைச் சீவத் தொடங்கினாள். எட்டு மாதமாக ஒரு கிழங்கை எடுத்து, பாதியை இன்றைக்கும் பாதியை நாளைக்கும் என்று வைத்துக்கொள்கிறவளுக்கு, முறத்தில் ஆறு கிழங்கு கிடப்பதே பந்திக்கு ஆள் சேர்ந்ததுபோல இருந்தது. மணி பத்தேகால். ஒரு மணிக்கு அவர் வருகிறார். வருகிறார் என்று சொல்லிக்கொள்ளலாமா, பெட்டியை எடுத்துக்கொண்டு போகத்தானே வருகிறார்... நர்மதா போனில் அப்படித்தான் சொன்னாள், "ஞாயித்துக்கெழம அப்பா வராரும்மா. அந்தக் கப்பல் பொட்டிய எடுத்துக்கினு போறாராம். நீ ஒண்ணும் பேசாத, இன்னா? சும்மா இரு." பெற்ற தாயைப் பார்த்து மகள் சொல்கிற சொல்லா அது? அவள் சும்மா இருந்திருந்தால் இந்த வீடு வீடாக இருந்திருக்குமா? ஆனாலும் சும்மா இருப்பதென்றுதான் அவளும் முடிவு செய்திருந்தாள். பேசப்போவதில்லை. சமைக்கப்போகிறாள், அவ்வளவுதான். பச்சைச் சாயம் பூசிய அந்த இரும்புப் பெட்டி கட்டிலுக்கடியில் கிடக்கிறவரை, கேட்கிறவர்களிடம் "அவர் அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கிறார்" என்று சொல்லலாம். பெட்டியும் போய்விட்டால் எதைச் சொல்வது? போனவர் போனவர்தான் என்று ஊருக்கே எழுதி ஒட்டியதாகிவிடாதா?

சண்டை என்று ஒன்று நடந்திருந்தால் கணக்காவது தீர்ந்திருக்கும். நடக்கவில்லை. தண்டபாணி கிரேக்க முதலாளி ஒருவருடைய சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருபத்தேழு ஆண்டு ஓடியவர், ஆண்டுக்கு ஒன்பது மாதம் கடலில், மிச்சம் வீட்டில், வீட்டில் என்றால் விருந்தாளிபோல. அவள் காசிமேட்டில் ஏற்றுமதிக்கு இறாலைத் தரம் பிரிக்கும் கூடத்தில் மேற்பார்வையாளர், முப்பது பெண்கள் குனிந்த தலை நிமிராமல் உரிக்க, ஒவ்வொரு தட்டாகப் பார்த்து, இது அளவில் சிறியது, இதில் ஓடு ஒட்டியிருக்கிறது என்று தள்ளிக்கொண்டே போவாள், தள்ளிய தட்டு தள்ளியதுதான். அந்தக் கண்ணோடுதான் வீட்டுக்கும் வருவாள். வேறு கண் அவளுக்கு ஏது? ஓய்வு பெற்று அவர் ஒரேயடியாகக் கரைக்கு வந்தபோது துண்டை எந்தக் கொக்கியில் மாட்டவேண்டும், செருப்பை எந்தப் பக்கம் பார்த்து விடவேண்டும் என்றெல்லாம் சொல்லிக் கொடுத்தாள், அதட்டிச் சொன்னதில்லை, திரும்பச் சொன்னாள், அவ்வளவுதான். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து டீ போடுவது அவருக்குக் கப்பல் வழக்கம். அவர் கழுவி வைத்த பாத்திரத்தை ஐந்து மணிக்கு அவள் மறுபடி கழுவுவாள். அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாரோ... பங்குனியில் நெட்டுக்குப்பத்து அம்மன் திருவிழாவுக்குப் பத்து நாள் அண்ணன் வீட்டில் இருந்துவிட்டு வருகிறேன் என்று ஒரு பையோடு போனார். பத்து நாள் இருபதானது, சித்திரை ஆனது, ஆடி ஆனது. வாருங்கள் என்று அவளும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்று அவரும் சொல்லவில்லை. இதோ கார்த்திகை. கீழே சாலையில் கண்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்கு முறை வைத்து நிற்கின்றன, ஓட்டுநர்கள் இறங்கிப் பல் துலக்குகிறார்கள், நிற்கிற வண்டிக்குக்கூட எந்நேரம் நகரும் என்று யாரோ ஒருவர் சொல்லத்தான் செய்கிறார்.

கதவு தட்டப்படவில்லை, நேராகத் திறந்தது. இப்படித் திறக்கிறவள் கீழ்வீட்டுச் செங்கொடி ஒருத்திதான், பிறந்தநாளுக்குக் கேக் செய்து விற்கிறவள், கேக் அடுப்பைக் குழந்தையைத் தூக்குவதுபோல இடுப்பில் அணைத்துக்கொண்டு படியேறி வந்திருந்தாள்.

"இன்னாக்கா, பீட்சா கீட்சா போடப் போறியா?"

"பீட்சா இல்ல. உருளக்கெழங்கு."

"கெழங்குக்கா என் ஓவன தூக்கியாரச் சொன்ன? கேஸ்ல வெச்சா வேவாதா அது?"

"வேகும். இது வேற மாதிரி."

செங்கொடி முறத்தைப் பார்த்தாள், ஆறு கிழங்கையும் எண்ணினாள், பிறகு வரலட்சுமியின் முகத்தைப் பார்த்தாள். "அண்ணன் வராரா? அப்ப நல்லா செய். பொட்டியத் தூக்க முடியாத அளவுக்குத் துன்ன வெச்சு அனுப்பு." சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள், வரலட்சுமி சிரிக்காததைக் கண்டு நைட்டிப் பையிலிருந்து ஒரு கைப்பிடி காகிதப் பொட்டலங்களை எடுத்து மேடையில் கொட்டினாள். "நீ கேட்ட எலப்பொடி. புள்ளைங்க பீட்சா வாங்குனா இத்த மட்டும் போட்டுக்காதுங்கோ. பெரிய பிளக்குல மாட்டு, இரநூறுல வை. கைய உள்ள வுட்டுக்காத."

ஆக, பெட்டியைப் பற்றிக் கீழ்வீடு வரை தெரிந்திருக்கிறது. நர்மதா சொல்லியிருப்பாளா, அல்லது எட்டு மாதமாகக் கொடியில் ஒரு லுங்கிகூடக் காயாததைப் பார்த்துத் தாங்களே தெரிந்துகொண்டார்களா? போகட்டும். கிழங்கை நீளவாட்டில், படகைப் பிளந்ததுபோல, ஒன்றை ஆறாக அரிந்தாள், எல்லாம் ஒரே பருமன். ஆலிவ் எண்ணெயை வண்ணாரப்பேட்டை வரை போய் வாங்கி வந்திருந்தாள், மருந்துக் கடையில் குழந்தைகளுக்குத் தேய்க்க விற்கிற சின்னக் குப்பி போதாது என்று. பூண்டை நசுக்கினாள், மிளகைப் பொடித்தாள், பொட்டலங்களை ஒவ்வொன்றாகக் கிழித்து இலைப்பொடியைத் தூவினாள், வேப்பம்பூவுக்கும் கற்பூரவல்லிக்கும் நடுவில் ஒரு வாசனை. மூன்று எலுமிச்சையைப் பிழிந்து டம்ளரில் வடிகட்டினாள். டம்ளரைத் தட்டின்மேல் சாய்த்தாள். கை நின்றது. இங்கேதான் நிற்கும் என்று அவளுக்குத் தெரியும், அன்றைக்கும் சங்கதி நடந்தது இந்த இடத்தில்தான்.

நர்மதா பத்தாம் வகுப்பு எழுதிய ஆண்டு, ராயபுரத்து வாடகை வீடு, அவர் நாற்பது நாள் விடுப்பில் வந்திருந்தார். கப்பல் கேப்டன் பிறந்த தீவில் இப்படித்தான் செய்வார்களாம், இறைச்சிக்குப் பக்கத்தில் வைத்துச் சாப்பிடுகிற கிழங்கு, ஒருநாள் செய்து காட்டுகிறேன் என்று தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து கிழங்கு அரிந்தார், எலுமிச்சைச் சாற்றையும் தண்ணீரையும் பச்சைக் கிழங்கின்மேல் தாராளமாக ஊற்றினார். தெருக்கோடியில் பஷீர் பாயின் ரொட்டி அடுப்பு, கிறிஸ்துமஸ் வந்தால் தெருவே கேக் மாவைத் தட்டில் ஊற்றிக்கொண்டு அங்கேதான் வரிசையில் நிற்கும். அங்கே கொண்டுபோகச் சட்டை மாட்டிவர அவர் உள்ளே போனார். புளிப்புப் பட்ட கிழங்கு வேகாது, எலுமிச்சை தீயில் பட்டால் கசக்கும், அடுப்பிலிருந்து இறக்கிய பிறகுதான் பிழியவேண்டும், இது சமையலறைக்குள் நுழைகிற எந்தப் பெண்ணுக்கும் தெரியும், தெரிந்தும் ஒரு தட்டுக் கிழங்கைக் கெடுக்க விடுவதா? தட்டை எடுத்தாள், சாற்றைக் கொட்டினாள், கிழங்கை இரண்டு முறை அலசினாள், எண்ணெயும் உப்பும் பூண்டும் பொடியும் அவர் போட்ட மாதிரியே போட்டு, அதே அளவு தண்ணீர் ஊற்றி, துணி கட்டி வைத்தாள். அவர் தலையில் சுமந்து போனார், சுமந்து வந்தார். திறந்தவுடன் அவள் மேலே இரண்டு மூடி பிழிந்தாள். அவர் ஒரு துண்டைத் தின்று, இன்னொன்றைத் தின்று, "நல்லாருக்கு லச்சு" என்றார். ஜெயித்துவிட்டதாக நினைத்தாள். இல்லை, ஜெயிப்பது தோற்பது என்றுகூட நினைக்கவில்லை, திருத்திவிட்டதாக நினைத்தாள். அதற்குப் பிறகு வீட்டில் அவர் எதுவும் சமைத்ததில்லை. ஏன் என்று கேட்கத் தோன்றியதா? கப்பலில் சமைத்துக் களைத்தவர், கரையிலாவது உட்கார்ந்து சாப்பிடட்டும் என்று அதற்கும் தானே ஒரு காரணம் எழுதிக்கொண்டாளே...

டம்ளர் இன்னும் சாய்ந்தபடியே இருந்தது. போனில் பார்த்த சமையல் வீடியோக்களில் ஒருத்தி முதலில் ஊற்றினாள், ஒருத்தி கடைசியில் ஊற்றினாள், யார் சொல்வதை எடுத்துக்கொள்வது? சமையலறையில் நின்றுகொண்டு இன்னொருவரிடம் சந்தேகம் கேட்டதாக அவளுக்கு நினைவில்லை. கையைத் துடைத்தாள். அவருடைய போன் எண்ணைத் தேடவேண்டியிருக்கவில்லை, அழுத்தினாள்.

"இன்னா லச்சு. ஒரு மணிக்குத்தான வரேன்னேன்."

"தெரியும். ஒண்ணு கேக்கணும்."

"சாவி எங்கிட்டதான் கீது."

"சாவி இல்லீங்க. அந்தக் கெழங்கு... கப்பல் கெழங்கு. எலுமிச்சய எப்போ ஊத்தணும்? வேகறதுக்கு முன்னயா, பின்னயா?"

மறுமுனையில் காற்று அடித்தது, யாரோ படகு எஞ்சினைத் தட்டிக்கொண்டிருந்தார்கள், "யாருடா பாணி?" என்று அவருடைய அண்ணன் குரல் கேட்டது.

"முன்னியே ஊத்திடணும். தண்ணியும் சாறும் சேந்து பாதிக் கெழங்கு முழுவணும். ஒரு மணிநேரம் புடிக்கும். நடுவுல ஒரு தபா பொரட்டு."

"கசக்காதா?"

"கசக்காது. தண்ணி மொத்தமும் உள்ள பூடும். இந்த தபா கீழ கொட்டிடாத."

"உங்களுக்குத் தெரியுமா?"

"அதே வேலைல கெடந்தவன், வாயில வெச்சா தெரியாதா?"

"அன்னைக்கே ஏன் சொல்லல?"

"சொல்லி இன்னா ஆவப்போவுது," என்றார், கோபமில்லாமல், மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வதுபோல. பிறகு, "வெச்சிடறேன், ஷேர் ஆட்டோ புடிக்கணும்."

ஊற்றினாள். சாறு முழுவதையும், கண்ணை மூடிக்கொள்ளாமல், கிழங்கின்மேல் ஊற்றினாள், தண்ணீரும் ஊற்றினாள், பாதிக் கிழங்கு முழுகியது, தட்டை உள்ளே தள்ளி மூடினாள். அடுப்பின் கண்ணாடிக்குள் சிவப்புக் கம்பி எரிந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் எதிரில் உட்கார்ந்தாள், செய்ய வேறு எத்தனையோ இருந்தும். கோழி வறுவல் ஆகிவிட்டது, சோறு வடித்தாகிவிட்டது... தெரிந்தே சொல்லியிருக்கிறார். தெரிந்தே நல்லாருக்கு என்றிருக்கிறார். அப்படியானால் மற்றவை? திருமணமான புதிதில் குழம்பில் புளி தூக்கலாக இருந்த அன்று நல்லாருக்கு என்றாரே, அது? வாடகை வீடு மாறியபோது, அவள் வாங்கிவந்த பழுப்புச் சட்டையைப் போட்டுப் பார்த்தபோது, ஓய்வு பெற்று வந்த அன்று கட்டிலை அவள் சுவரோரம் தள்ளிப் போட்டிருந்ததைப் பார்த்தபோது? முப்பத்தாறு ஆண்டு நல்லாருக்குகளை ஒரு தட்டில் கொட்டி, இது தரம், இது கழிவு என்று பிரிக்கச் சொன்னால் எதை எதில் போடுவாள்? இவ்வளவு கூர்மையான கண், ஆயிரம் இறாலில் ஓர் ஓட்டுத் துணுக்கைக் கண்டுபிடித்த கண், எதிரில் உட்கார்ந்து சாப்பிட்ட மனிதரின் முகத்தில் எதையுமே கண்டதில்லையா? கேட்டிருக்கலாம். கேட்டால் நல்லாருக்கு என்றுதான் சொல்லியிருப்பார். வேறு எதையும் சொல்ல இடமில்லாதபடி அவள்தான் அவர் எதிரில் நின்றிருக்கிறாள், கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு. அரைமணியில் எழுந்து கிழங்கைப் புரட்டினாள். தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது, அடிப்பக்கம் இன்னும் வெளுப்பு. வேகாமல் போகுமோ... போனால் போகட்டும். இல்லை, போகக்கூடாது, இன்றைக்குப் போகக்கூடாது.

ஒன்று அடிக்க ஐந்து நிமிடத்துக்கு முன்பே வந்துவிட்டார். இளைத்திருந்தார், கறுத்திருந்தார், ஆனால் முகம் தெளிந்திருந்தது, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. செருப்பை வெளிப்பக்கம் பார்த்து ஒழுங்காக விட்டார். கை கழுவிவிட்டு ஈரக்கையோடு நின்றார், கொக்கிகளில் மூன்று துண்டு தொங்கின. "இதுல தொடைக்கலாமா?" என்று கேட்டார். எதிலும் துடைக்கலாம் என்று அவள் சொல்ல நினைப்பதற்குள் தம் வேட்டி நுனியிலேயே துடைத்துக்கொண்டார். உள்ளே போய்ப் பெட்டியை இழுத்தார், இரும்பு தரையில் கரகரக்க அதைக் கதவருகே கொண்டுவந்து வைத்தார். பிறகுதான் வாசனை அவரை எட்டியதோ என்னவோ, திரும்பிச் சமையலறைப் பக்கம் பார்த்தார்.

"சாப்பிட்டுட்டுப் போங்க," என்றாள். சும்மா இரு என்ற மகளின் பேச்சை அந்த அளவுக்குத்தான் மீறினாள்.

உட்கார்ந்தார். சோறு, கோழி வறுவல், ஓரத்தில் கிழங்கு, ஓரமெல்லாம் பொன்னிறமாகச் சிவந்து, தண்ணீர் முழுவதும் உள்ளே போயிருந்தது, அவர் சொன்னபடியே. சோற்றைத் தொடாமல் கிழங்கைத்தான் முதலில் எடுத்தார். விரலால் பிட்டார், ஆவி வந்தது, வாயில் போட்டார். மென்றார். வரலட்சுமி எதிரில் நிற்காமல் பக்கவாட்டில் நகர்ந்து நின்றாள், அந்தச் சொல்லை மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்று நெஞ்சுக்குள் வேண்டிக்கொண்டு. விழுங்கினார். இன்னொரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"உப்பு கம்மி," என்றார்.

தட்டைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். அவள் சரேலென்று சமையலறைக்குள் போனாள், உப்பு ஜாடியைக் கையில் எடுத்தாள், எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். போகப்போகிற மனிதர் உப்பைப் பற்றி எதற்காகச் சொல்லவேண்டும், ஒருவேளைச் சோறு, விழுங்கிவிட்டு எழுந்து போயிருக்கலாமே... அல்லது போவதென்று முடிவாகிவிட்டவருக்குத்தான் இனி எதைச் சொல்லவும் தயக்கமில்லையா? இரண்டில் எது? முன்பென்றால் ஒரு நொடியில் சொல்லியிருப்பாள். ஒரு சிட்டிகை எடுத்துத் தூவப்போன கையை இழுத்துக்கொண்டு, ஜாடியையே கொண்டுபோய் அவர் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தாள். அவர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு விரல்களை ஜாடிக்குள் விட்டார். எவ்வளவு எடுக்கிறார் என்று அவள் பார்த்துக்கொண்டு நின்றாள், அவருக்கு எவ்வளவு வேண்டும் என்பது இந்த முப்பத்தாறு ஆண்டில் அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.