இடது கண்ணில் மட்டும்

அக்காவின் வலது கையைக் கதவிடுக்கில் வைத்து ஓங்கிச் சாத்தினான் அவள் புருஷன். இரண்டு எலும்பு போயிற்று. அவள் இடது கையால் இரும்புச் சட்டியை எடுத்து அவன் காதோரம் ஒன்று போட்டாள். மண்டை எலும்பில் விரிசல் விழுந்து பாதி முகம் கோணிக்கொண்டது. எனக்கு அதில் துளியும் வருத்தமில்லை.

எட்டு மாதம் கழித்து, முகம் ஓரளவு நேரானதும், அக்காவைக் கூட்டிப்போக எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்தான். அம்மா தட்டு வைத்தாள். முதல் வாய் ரொட்டி உள்ளே போனதுமே இடது கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது.

"மாப்பிள்ளை அழறாரு," என்று என் காதைக் கடித்தாள் அம்மா. "மனசு மாறிடுச்சுடி. அனுப்பி வச்சிடலாம்."

அக்காவின் பெட்டி வாசலில் தயாராக இருந்தது.

நான் மருத்துவக் கல்லூரியில் பிணம் அறுத்துப் பாடம் நடத்துகிறவள். கன்னத்து எலும்புக்கு உள்ளே, மூக்குக்குப் பின்னால், பயறு அளவில் ஒரு நரம்பு முடிச்சு உண்டு. கண்ணீர் சுரக்கச் சொல்லும் உத்தரவு அதன் வழியாகத்தான் கண்ணுக்குப் போகிறது. சட்டியால் அடித்ததில் காதோரம் அறுந்த முக நரம்பு திரும்ப வளர்ந்தபோது, எச்சிலுக்குப் போகவேண்டிய இழை வழிதவறி அந்த முடிச்சில் போய்ச் சேர்ந்திருக்கிறது. நாக்கில் ருசி பட்டால் கண் ஒழுகும். அவ்வளவுதான் அவன் மனமாற்றம்.

சொன்னால் அம்மா நம்பமாட்டாள். அவன் தட்டை என் பக்கம் இழுத்தேன்.

"முழுங்கிட்டுச் சொல்லுங்க மாமா. அக்கா கை எப்படி முறிஞ்சது?"

அவன் விழுங்கினான். கொஞ்ச நேரத்தில் கண்ணீர் நின்றுவிட்டது.

"அவ திமிருக்கு முறிஞ்சது."

"அழுகை எங்க போச்சு?"

கண்ணாடித் தம்ளர் என் நெற்றியில் உடைந்தது. முடியைப் பிடித்து மேசையில் என் முகத்தை மோதினான். ஒரு தரம், இன்னொரு தரம். அவன் கண் இரண்டும் காய்ந்து கிடந்ததை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தேன். மூன்றாவது மோதலுக்குள் அக்கா நாற்காலியைத் தூக்கி அவன் முழங்காலில் இறக்கினாள். அவன் தவழ்ந்துதான் வாசலைத் தாண்டினான். அக்கா பெட்டியை உள்ளே இழுத்துப்போட்டுத் தாழ்ப்பாள் போட்டாள்.

அம்மா என் நெற்றியில் துணியை அழுத்தினாள்.

"நானே அவளைக் கொண்டுபோய்க் கொடுத்திருப்பேனே," என்றாள்.

அவளுக்கு இரண்டு கண்ணிலும் வழிந்தது. காலையிலிருந்து அவள் வாயில் பச்சைத் தண்ணீர்கூடப் படவில்லை.