போர்டில் மட்டும் கை வைக்க வேண்டாம்

1

இந்தக் கதை ஒரு கொட்டேஷன் தாளிலிருந்து பிறந்தது. பாளையங்கோட்டையில் பழைய இரும்பு எடுப்பவரிடம் ஒரு கம்ப்யூட்டர் பெட்டியை வாங்கிப் பிரித்தேன். உள்பக்கத் தகட்டில் நாலாக மடித்து ஒட்டியிருந்தது தாள். மே 1999. நெல்லை ஜங்ஷனில் ஏதோ ஒரு கடை. பெயர் இருந்த இடத்தைக் கரப்பான் தின்றிருந்தது. 'பென்டியம் டூ' என்ற புராசசர் வரியை யாரோ பென்சிலால் அடித்து, மேலே, அதைவிட மலிவான ரகமாக, 'செலரான் போதும்' என்று எழுதியிருந்தார்கள். மதர்போர்டு வரிக்குப் பக்கத்தில் அதே கையெழுத்து: 'இதில் மட்டும் கை வைக்க வேண்டாம்.'

மூளையைக் குறைத்துக்கொண்டு, மூளை உட்காரும் பலகையைக் குறைக்க மறுக்கிற மனிதன் யார்? கடைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் நேர்மாறாகத்தான் செய்வார்கள், நான் உட்பட.

தாளின் பின்பக்கத்திலும் ஒன்று இருந்தது. அதை இப்போது சொல்ல மாட்டேன்.

2

முதல் தொடக்கம்: தாமிரபரணியின் கரையில், காலைக் கதிர்களின்—

(அடித்துவிட்டேன். நெல்லையில் யாரைப் பற்றி எழுதினாலும் ஆற்றைக் கூட்டிக்கொண்டு வருவது எனக்கு ஒரு நோய். இந்தக் கதைக்குள் ஆறு தானாகவே வரும், பொறுங்கள்.)

இரண்டாம் தொடக்கம்: பாக்கியசீலன் கல்யாண வீடியோ எடுப்பவன். சிந்துபூந்துறையில் கடை. ஒரு வி.சி.ஆர். டெக்கில் ஓட்டி இன்னொரு டெக்கில் பதிந்தே வெட்டி ஒட்டி வந்தவனுக்கு, கம்ப்யூட்டரில் எடிட்டிங் செய்ய ஆசை.

பரவாயில்லை. ஆனால் ஆசைப்படுகிறவன் 'கை வைக்க வேண்டாம்' என்று எழுத மாட்டான். பயந்தவன்தான் எழுதுவான். ஆகவே அவனுக்கு ஒரு பயத்தைக் கொடுத்தேன்.

3

தொண்ணூற்றிரண்டு அக்டோபரில் நீலாம்பாள் டீச்சர் தன் தங்கை கல்யாணக் கேசட்டைக் கொடுத்து, ஒரு காப்பி போட்டுத் தரச் சொன்னார். பாக்கியசீலன் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்தான். நவம்பரில் ஆறு கடைக்குள் வந்தது.*

"வெள்ளத்துல போயிட்டு டீச்சர்."

"நீ தப்புனயே, அது போதும் தம்பி."

ஒரு வாரம் கழித்துச் சேறு அள்ளும்போது பீரோவுக்கு அடியில் கிடந்தது கேசட். தேறுமா என்று பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தான். அடுத்த தை மாதம் டீச்சரின் கணவர் கைலாசம் மாரடைப்பில் போய்விட்டார். அவர் நடமாடிப் பேசும் படம் அந்தக் கேசட்டில் மட்டும்தான் இருந்தது. அதற்குப் பிறகு சொல்ல வாய் வரவில்லை. ஆறரை வருஷம் ஓடிவிட்டது.

(கணவரைச் சாகடித்தே ஆகவேண்டுமா என்று ஒரு நண்பர் கேட்டார். இரண்டு நாள் உயிரோடு விட்டுப் பார்த்தேன். மதர்போர்டுக்கு வேலை இல்லாமல் போயிற்று.)

* வெள்ளம் உண்மையில் வந்தது. கடை என் கற்பனை.

4

முதல் பிரதியில் கம்ப்யூட்டர் கடை சுடலைக்கண்ணுவை ஏமாற்றுக்காரராக எழுதியிருந்தேன். எழுத எளிது. ஆனால் வாயைத் திறந்ததும் அவர் என் பேச்சைக் கேட்கவில்லை.

"பென்டியம் டூ போடும்வே. எஃபெக்டெல்லாம் பறக்கும்."

"பறக்க வேண்டாம் அண்ணாச்சி. சேத்துல ஊறுன கேசட்டு ஒண்ணு இருக்கு. முதல் நாலு அடிய ஓட்டிப் பாத்தேன், பூச்சு உரிஞ்சு டெக்கு ஹெட்டுல ஒட்டுது. இனி ஒரு தடவதான் ஓடும். ஒண்ணும் விட்டுப்போகாமப் பிடிக்கணும்."

சுடலைக்கண்ணு கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். "அப்பக் கேளும். படத்தப் பிடிக்கது கேப்சர் கார்டு. அங்கேருந்து டிஸ்க்குக்குப் போற பாத இந்தப் போர்டுதான். பாதையில தடங்கல் வந்தா, நொடிக்கு இருபத்தஞ்சு படத்துல நாலஞ்சு நழுவிரும். புராசசர் பிறவு வெட்டி ஒட்டத்தான் பெருசா வேணும். அது மெதுவா ஓடுனா நீரு ரெண்டு டீ குடிச்சிட்டு வாரும். கேசட்டு காத்திருக்காதுல்லா."

போர்டு, புராசசர் இரண்டையும் உயர்ந்ததாக வாங்கக் கை எட்டாது. எது காத்திருக்குமோ அதில் குறைத்துக்கொண்டான் பாக்கியசீலன். பென்சில் தாளில் விழுந்தது இங்கேதான்.

(கதை எழுதுவதும் இப்படித்தான் என்று இந்த இடத்தில் ஒரு பத்தி எழுதினேன். நன்றாகவே வந்தது. பாக்கியசீலனுக்கு அதனால் பயன் இல்லை என்பதால் எடுத்துவிட்டேன்.)

5

அவன் திட்டம் இது: யாருக்கும் சொல்லாமல் பிடித்து, சி.டி.யில் போட்டு டீச்சரிடம் கொடுப்பது. தேறாவிட்டால் வாயே திறக்காமல் இருந்துவிடுவது. இதைச் சாமர்த்தியம் என்று நினைத்து நானும் எழுதிக்கொண்டிருந்தேன். கேசட் விஷயம் எப்படியோ காதில் விழுந்து, அவன் மனைவி ஜெபகனி உள்ளே வந்தாள்.

"ஒரு தடவதான் ஓடுமா?"

"ஆமா."

"அந்த ஒரு தடவையையும் டீச்சர் இல்லாமலா ஓட்டப் போறீங்க? அது யாரு புருசன்?"

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

டீச்சர் வீட்டில் அவன் பேசியதை மூன்று விதமாக எழுதினேன். ஒன்றில் அவன் அழுதான். ஒன்றில் டீச்சர் கதவைச் சாத்தி— வேண்டாம். மூன்றாவது:

"அன்னைக்குத் தெரியாமத்தான் போயிட்டுன்னு சொன்னேன் டீச்சர். கெடச்ச பிறவும் சொல்லாம இருந்தேன். அதுதான் பொய்."

டீச்சர் செருப்பை மாட்டினார். "மன்னிச்சேன்னு இப்பச் சொல்ல வரல தம்பி. நட, போவோம்."

6

கடையில், டெக்கிலிருந்து டி.வி.க்கும் ஒரு வயர் கொடுத்திருந்தான். கம்ப்யூட்டர் திரையின் அடியில், எத்தனை படம் நழுவியது என்று காட்டும் எண். பக்கத்தில் கொட்டேஷன் தாளைக் கவிழ்த்து, பென்சிலோடு வைத்திருந்தான்.

டி.வி.யில் கல்யாணப் பந்தி. திரையெல்லாம் வெள்ளைப் புள்ளி. சாம்பார் வாளியோடு ஒருவர் வந்தார். விளக்கு முகத்தில் அடித்ததும் நின்றார். "ஏலே, லைட்ட அங்கன திருப்பு. எலை தெரிய மாட்டங்கு."

நீலாம்பாள் டீச்சர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். நான் திட்டமிட்டதல்ல, உட்கார வைத்ததும் அவராகவே செய்தார்.

பாக்கியசீலன் பதறினான். "டீச்சர், கண்ணத் திறங்க. இன்னொரு தடவ வராது."

"அவுக குரல் மறந்தே போச்சு தம்பி. முதல்ல அதக் கேட்டுக்கிடுதேன். முகத்த உன் பெட்டி பிடிச்சிருக்கும்லா?"

அவன் திரையின் அடியில் இருந்த எண்ணைப் பார்த்தான்.

7

தாளின் பின்பக்கத்தில் இருந்ததை இப்போது சொல்கிறேன். பென்சிலில் ஒரே வரி: 'விட்டுப்போனது —'. அவ்வளவுதான்.

சைபர் என்று எழுதிப் பார்த்தேன். ஆறரை வருஷம் மறைத்தவனுக்கு இவ்வளவு சுலபமாகவா என்று கை கூசியது. நானூறு என்று எழுதினேன். டீச்சர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. இரண்டையும் அழித்துவிட்டேன்.

டீச்சர் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. பாக்கியசீலன் பதில் சொல்லியாக வேண்டும். கோட்டுக்கு அப்புறம் இடம் இருக்கிறது. பென்சிலை உங்கள் பக்கம் நகர்த்தி வைத்திருக்கிறேன்.